பால் படிப்பு

முதுகலையில் நான் படித்தது பாலினமும் பன்னாட்டு வளர்ச்சியும். எங்கள் வீட்டில் அதை மாடு வளர்ப்பு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

2006-இல் நான் பி.ஏ. முடித்திருந்தேன். எங்களுக்குப் பூர்வீகம் காட்டுமன்னார்கோயில் பக்கம். இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குக் குடிவந்தவர் அப்பா. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. பி.ஏ. முடிந்ததும் எனக்குக் கல்யாணம் என்று அவர் ரூட் போட்டு வைத்திருந்தார். அந்த ரூட்டில் நடுவில் எங்கும் ஸ்டாப்பிங் கிடையாது. அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன், ஆனால் அன்றைக்குப் பார்த்து அம்மா எறா வறுத்துவிட்டாள். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் சிதம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் விண்ணப்பம் போட்டேன். நான் கேட்டது சமூகவியல். அதில் இடமில்லை, புதிதாக ஒரு பாடம் தொடங்கியிருக்கிறோம், சேருகிறாயா என்றார்கள். சுனாமி வந்து போனதிலிருந்து எங்கள் கரையோரம் முழுக்க வெளிநாட்டு உதவி அமைப்புகளின் ஜீப்புகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஜீப்புகளில் உட்கார ஆள் வேண்டும் என்றுதான் இந்தப் பாடத்தைத் தொடங்கினார்கள் என்று பேச்சு. கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு பாடம் கிடைத்ததே என்று நான் சேர்ந்துவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். ஆங்கிலப் பெயரைச் சொன்னால் திமிர் என்பார் என்று சுத்தத் தமிழில் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை.

"பாலினமும் பன்னாட்டு வளர்ச்சியும்ப்பா."

அப்பா சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். "பால் இனமா?"

"ஆமாப்பா, பாலினம்."

"பன்னாட்டுன்னா ஃபாரின்தான?"

"ஆமா."

"அதான பாத்தேன். ஜெர்சி."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. அம்மா குழம்புக் கரண்டியோடு நின்று, "மாட்டு டாக்டருக்கா படிக்கப் போறா?" என்று கேட்டாள். "டாக்டர் இல்லடி, பால்வளத்துறை. ஆபீசரு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் மார்க் ஷீட்டுக்குக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் திருத்தப் பார்த்தேன். திருத்துவதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆம்பளை பொம்பளை பற்றிய படிப்பு என்று ஒரு பெண் தன் அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுற்றி வளைத்து, "இது பொம்பளைங்களப் பத்தின படிப்புப்பா" என்றேன்.

"ஆமா, மாட்டப் பாத்துக்கறது யாரு? பொம்பளைங்கதான" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "பின்ன அவுங்களப் பத்தியும் சொல்லிக் குடுக்காம இருப்பாங்களா?"

எதைச் சொன்னாலும் அதைப் பிடித்துத் தன் மாட்டோடு கட்டிவிடுவார். வளர்ச்சி என்றால் கன்று வளர்ச்சி. களப்பணி என்றால் கறவை பார்ப்பது. நான் ஓய்ந்து போனேன். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைக்க அப்பா ஒப்புக்கொண்டது அந்த ஆபீசர் வேலைக்காகத்தான். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடினால் என் படிப்பும் பின்னாலேயே ஓடிவிடும்.

அப்பாவின் பஸ்ஸில் தினமும் புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து பால் கேன்களோடு ஏறும் ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா. உறவு ஒன்றும் கிடையாது, பல வருஷமாகக் கூடவே வரும் பழக்கம்தான். அவரிடம் அப்பா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கடலூர் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடு சினை பிடிக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் மாட்டைப் பார்த்தேன், மாடு என்னைப் பார்த்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். எவ்வளவு தன்னடக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள்.

வகுப்பில் வேறு விதமான அவதி. பாடமெல்லாம் ஆங்கிலத்தில், ஜெராக்ஸ் கட்டுகளாக வரும். எல்லாம் ஏதோ ஒரு ஆப்பிரிக்க ஊரைப் பற்றி இருக்கும். அங்கே பெண்கள் தலையில் தண்ணீர் சுமந்துகொண்டு போவார்கள். எவ்வளவு தூரம் சுமந்தார்கள், ஏன் அவர்களே சுமந்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள் நான், ஒரு பத்தியைத் தாண்ட அகராதியை எத்தனை முறை புரட்டுவது? எரிச்சலில் ஒரு நாள், இந்த ஊரெல்லாம் எனக்கு எதுக்கு மேடம் என்று கேட்டுவிட்டேன். எங்கள் துறை மேடம் கோபப்படவில்லை. "சரி, உங்க ஊர்ல யாரு எதைத் தலையில சுமக்கறாங்க? அதப் போய்ப் பாரு" என்றார்.

யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மீன் கூடை.

இரண்டாம் வருஷ ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். கடலூர் துறைமுகம் பக்கத்து மீனவ ஊர்களில் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தில் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தளம் போட்ட நல்ல வீடுகள்தான். ஆனால் பாதுகாப்பு என்று சொல்லிக் கடலிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார்கள். வலை வைத்திருக்கும் ஆண்களுக்கு சைக்கிள் இருந்தது. மீன் விற்கும் பெண்களுக்கு பஸ்தான். வீடு நகர்ந்த அளவுக்கு அவர்கள் நடை நீண்டது, அதைவிட பஸ்ஸின் தேவை ஜாஸ்தியானது. அதுதான் என் தலைப்பு. கடலூர் கரைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் சொன்னதும் முதல் தடவையாக அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

"கடலோரத்துல ஏது மாடு?"

நான் பதில் தேடுவதற்குள் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். "ஓ, கருவாட்டுத் தூளா. தீவனத்துல சேக்கறாங்களே, அதப் பாக்கப் போறியா?" என்றார். அவர் ஒழுங்காகப் படித்திருந்தால் நிச்சயம் ஆராய்ச்சி செய்திருப்பார்.

அங்கே எனக்குப் பழக்கமானவர் ஒரு அக்கா. துறைமுகத்தில் மீன் எடுத்துச் சிதம்பரம் வரை கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பவர். குரல் பெரிது. சிரித்தால் பக்கத்து வீட்டுக் கோழி ஓடும். ஒரு நாள் அவர் புது வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பஸ் கதையைக் கேட்டேன்.

"அத ஏம்மா கேக்கற. உள்ள வெச்சா நாறுதும்பானுங்க. மேல ஏத்துடான்னா கேரியர் இல்லம்பானுங்க. அதுலயும் ஒருத்தன் இருக்கான் பாரு, நரச்ச மீச. எங்களக் கண்டா போதும், ஒரு கையால மூக்கப் புடிச்சிக்கினு டபுள் விசிலு குடுப்பான். பஸ்சு நிக்கறாப்ல வந்து நிக்காமப் பூடும். பால் கேனு வந்தா மட்டும் வா மச்சான், வா மச்சான்னு கைய நீட்டித் தூக்குவான்."

ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூக்கைப் பிடித்தபடி இரண்டு விசில் அடிக்கிற நரைத்த மீசை யார் என்பது அந்த வாசலில் எனக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா மீன் ஆயும்போதெல்லாம் அந்த மூக்கும் அந்தக் கையும் நான் பார்த்ததுதான்.

வெட்கமாக இருந்தது. கூடவே அந்த அக்கா மேல் கோபமும் வந்தது. என்ன இருந்தாலும் என் அப்பாவை 'அவன்' என்கிறாரே என்று. அப்புறம் அந்தக் கோபத்தை நினைத்து இன்னும் வெட்கம்.

மேடத்திடம் சொன்னேன். "வேற ஊரு, வேற ரூட்டு மாத்திக்கறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதினால் அப்பாவை எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் ஆய்வு பொய். எழுதப்போவதை அப்பா தெரிந்துகொண்டால் ஜெர்சி போயிற்று, படிப்பு போயிற்று, அடுத்த தை மாதம் எனக்கு மேளம்.

அப்பா வண்டி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நான் கடலூர் போய்வருவேன். டூட்டி மாறிய ஒரு காலையில் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. துறைமுகம் ஸ்டாப்பில் அக்காவும் நானும் நிற்கிறோம், கூடை என் காலடியில். பஸ் வந்தது. படியில் அப்பா. ஒரு கை மூக்குக்குப் போய்விட்டது, முதல் விசில் அடித்தும் விட்டார். இரண்டாவது விசிலுக்கு மூச்சு இழுக்கும்போது என்னைப் பார்த்தார். அந்த இரண்டாவது விசில் வரவே இல்லை. ஒரு விசிலைக் கேட்ட டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"நீ எங்க இங்க?" என்றார் அப்பா. கை இன்னும் மூக்கிலேயே இருந்ததால் குரல் ஜலதோஷக் குரலாக வந்தது.

"படிப்புப்பா."

"அந்தக் கூட யாருது?"

"அக்காவுது. அதுவும் படிப்புதான்."

அக்கா ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை அவரைப் பார்த்தார். "இவருதான் உங்கப்பாவா? நல்லாத்தான் வளத்துகிறாரு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கி உள்ளே வைத்து ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன்.

புதுச்சத்திரத்தில் பால்கார மாமா கேன்களோடு ஏறினார். என்னைக் கண்டதும் அவருக்கு ஒரே குஷி. "வாங்க ஆபீசரம்மா!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். "இன்னா பாப்பா, பால் படிக்கற புள்ள மீன் கூட பக்கத்துல குந்தினுகிற?"

எல்லோரும் திரும்பினார்கள். அது வரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் பால் படிக்கல மாமா. மாடும் படிக்கல. இந்த பஸ்ல ஒங்க பால் கேன ஏத்தறாங்க, இவுங்க மீன் கூடைய ஏன் ஏத்த மாட்டேங்கறாங்கன்னு படிக்கறேன். அதான் என் படிப்பு."

மாமா வாயைப் பிளந்தார். அப்பா டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அதற்குப் பிறகு பி.முட்லூர் வந்தது, போனது, ஊர் பெயரை அவர் கூவவே இல்லை. இறங்கவேண்டிய ஒருவர் தாண்டிப் போய் இறங்கிச் சத்தம் போட்டார்.

சாயங்காலம் நான் தோற்றுப்போன மனசோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார், கால் கழுவினார், தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"அப்ப ஜெர்சி இல்ல?"

"இல்லப்பா."

"பாலினம்னா பின்ன என்னாதான் அது?"

"ஆண்பால், பெண்பால்ப்பா. அந்தப் பால்."

"எலக்கணத்துல வருதே, அதா?" என்றார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்ட இடத்தில் கூச்சமில்லாத ஒரு வார்த்தை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

"ஆமாப்பா, அதேதான்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்னா? நான் என்னா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவனா? பத்தாவது வரைக்கும் போனவன்டி." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "என்னத்தான் எழுதறியா?"

"பேரு போடலப்பா."

"விசிலு?"

"அது இருக்கு."

"மூக்கு?"

"அதுவும்."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நல்லா எழுதுடி. நான் மீன் ஆயறப்பவும் அதே மூக்கதான் புடிக்கறாரு. கொழம்ப மட்டும் ரெண்டு வாட்டி ஊத்திக்கறாரு." அப்பா கை கழுவ எழுந்து போனார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

அடுத்து வந்த அவருடைய லீவு நாளில், காலையிலேயே முகச்சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து நான் பின்கட்டுக்கு நழுவப் பார்த்தேன்.

"கேளு" என்றார்.

"என்னப்பா கேக்கறது?"

"அந்த மீன்காரம்மாவ உக்கார வெச்சுக் கேட்டல்ல? என்னையும் கேளு. ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டு எழுதுனா அது என்னா படிப்பு?"

நான் சமையலறைக்குள் ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். அப்படி ஒரு நிம்மதி. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த மாடு எழுந்து போனது போல இருந்தது.

அப்பா பேசினார். கல்யாணத்துக்குப் போன ஒரு பயணியின் வேட்டியில் மீன் தண்ணீர் பட்டதையும், அந்த ஆள் தன் சட்டையைப் பிடித்து உலுக்கியதையும் சொன்னார். புகார் வந்தால் ஓனர் டிரைவரைக் கேட்பதில்லை, கண்டக்டரைத்தான் கேட்பார் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"பால் சிந்துனா நாறாதாப்பா?"

"நாறாம? வெயில்ல புளிச்சிப் போச்சின்னா மீனு தேவலாம்."

"அப்ப கேன மட்டும் ஏன் ஏத்தறீங்க?"

"மச்சான் கேட்டான், ஏத்துனேன். இவுங்கள்ல யாரு வந்து கேட்டா?"

"அவுங்க தெனமும் கேட்டாங்கப்பா. ஸ்டாப்புல நின்னு கைய நீட்டிக் கேட்டாங்க."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "அத எழுதாத" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, எழுது" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் கொண்டுவந்தால் முதல் டிரிப்பில், கடைசி சீட்டுக்குப் பின்னால், என்று அப்பா ஒரு வழி சொன்னார். அக்கா முதலில் முறைத்தார், டப் என்ன மரத்திலா காய்க்கிறது என்றார், பிறகு எங்கிருந்தோ ஒரு நீல டப்போடு வந்து நின்றார். முணுமுணுத்த பயணிகளும் இருந்தார்கள். மற்ற வண்டிகளில் பழைய கதைதான் தொடர்ந்தது. இதை ஆய்வின் பலன் என்று போடலாமே என்று மேடத்துக்கு ஆசை. கண்டக்டர் வீட்டுச் சமாச்சாரம் மேடம், ஆய்வில் வராது என்று சொல்லிவிட்டேன். ஆபீசர் பெண் என்று கேள்விப்பட்டு வந்த ஒரு சம்பந்தமும், மாடு இல்லை என்று தெரிந்ததும் தானாகவே கழன்றுகொண்டது. அதற்கு நான் மனசுக்குள் தேங்காய் உடைத்தேன்.

2008-இல் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த பெண் தேர்வாளர் என் ஆய்வைப் புரட்டி, அந்தக் கண்டக்டர் பேசிய பக்கத்தில் விரலை வைத்தார். "இவ்வளவு மனசு விட்டு இவர் எப்படிப் பேசினார்? இந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலத்தில் எதையெதையோ தயாராக வைத்திருந்தேன், எல்லாம் பறந்துவிட்டது. "அவரு எங்க அப்பா மேடம்" என்றேன் தமிழில். அறையே சிரித்தது. சிரித்து முடித்ததும் தேறிவிட்டாய் என்றார்கள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அப்பாவின் வண்டி கடலூருக்குக் கிளம்பத் தயாராக நின்றது. பின் படிக்கட்டுப் பக்கம் மீன் விற்று முடித்த காலி டப்போடு அக்கா, அவருக்கு முன்னால் காலி கேன்களோடு பால்கார மாமா. கூட்டத்துக்கு மேலாக நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டார்.

மாமாவும் பார்த்துவிட்டார். பஸ்ஸுக்குள் அவ்வளவு நடந்தும் அவர் மண்டையில் மட்டும் எதுவும் ஏறவே இல்லை. "இன்னா மச்சான், பொண்ணு பால் பரீச்சயில பாஸா?" என்று கத்தினார்.

"பாஸ் மச்சான்! ஆனா அது ஒன் பால் இல்ல" என்றார் அப்பா. பிறகு வாசலில் நின்றுகொண்டு, தினமும் ஊர் பெயர்களைக் கூவுகிற அதே குரலில், அதே இழுவையில் கூவினார்.

"ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால்! ஏறு ஏறு ஏறு!"

பையோடு ஓடிவந்த ஒரு பெரியவர் குழம்பிப்போய் நின்றார். "ஏம்ப்பா, ஆலப்பாக்கம் நிக்குமா?"

"எல்லாம் நிக்கும், ஏறுங்க."

பெரியவர் ஏறினார். அப்பா விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார், வண்டி நகர்ந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால், வண்டி குலுங்கியதில் ஆடிய அக்காவின் டப் மூடியை அழுத்திப் பிடித்திருந்தார்.